அமோய் உறை

வெள்ளிக்கிழமை, பகல் 1.10. மவுண்ட் ரோஸ்கில். கண்மணி வீட்டுச் சாப்பாட்டு மேசை வெறுமையாகக் கிடந்தது. உலகப்படப் புத்தகம், மை ஒழுகும் பேனை, மகள் உஷாவின் கெமிஸ்ட்ரிக் கொப்பி, எதுவும் இல்லை. பக்கத்து வீட்டு மிஸிஸ் லிம்மின் கடித உறையும் இல்லை!

நாற்பது வருடங்களுக்கு முன் மிஸிஸ் லிம்மின் தங்கை சீனாவிலிருந்து அனுப்பிய கடைசி உறை அது. அவளுடைய முகவரி வேறெங்கும் கிடையாது. ஆங்கில எழுத்தில் இருந்த ஊர்ப்பெயர்களோ பழைய தபால் பெயர்கள். இன்றைய படத்தில் அகப்படாது. கொழும்பில் வெளிநாட்டுத் தபால் பிரித்த கண்மணிக்கு அவை தண்ணீர்பட்ட பாடு. அமோய் என்றால் ஷியாமென். மற்றதையும் எழுதித் தருவதாகத்தான் வாங்கி வைத்திருந்தாள். மிஸிஸ் லிம்முக்கு எழுபத்தாறு வயது. தங்கையைத் தேடிப் போக இன்று ஐந்து மணிக்கு விமானம். இன்னொரு பயணம் நடக்காது.

1.25. உஷா ரீவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலமை ஆர் வந்தது?"

"மகேசன் அங்கிள். ஸ்டாம்ப் ரொம்ப ஓல்ட் எண்டவர்."

"நீ படிக்கேல்லையே?"

"அப்பா இண்டைக்குப் படிக்க வேண்டாம் எண்டவர்."

மகேசன் முத்திரைப் பைத்தியம். 1.40க்குக் கண்மணி கேட்க, போனில் கதறினார்: "தொட்டிருந்தா என்ர கை அழுகட்டும், அக்கா!"

கண்மணி வெறும் மேசையையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள்.

2.15. பஸ் ஓட்டி முடித்துக் கணவர் ஏரம்பமூர்த்தி வந்தார். மனைவி சாமியறை வாசலில் நின்றாள்.

"எடுத்தது நீங்கள்தான்."

"என்னத்தை?"

"முத்திரைக்கு ஆசைப்பட்டவர் மை ஒழுகிற பேனையை ஏன் எடுக்கப்போறார்? கெமிஸ்ட்ரிக் கொப்பி அவருக்கு ஏன்? சோதனை மாதத்திலை பிள்ளையைப் படிக்க வேண்டாமெண்டு நீங்கள் சொல்ல வருசத்திலை ஒரு நாள்தான் இருக்கு."

சரஸ்வதி பூசை! மஞ்சள் பட்டுக்குக் கீழே புத்தகங்கள். எல்லாவற்றுக்கும் மேலே உறை, நடுவில் சந்தனப் பொட்டுடன்.

"தங்கச்சி கிடைக்கட்டும் எண்டு வைச்சனான்," என்றார் அவர் தலைகுனிந்து. "பிளேன் நாளைக்கெண்டு நினைச்சன். விடிய எடுத்துக் குடுப்பம் எண்டு…"

கண்மணிக்குக் கோபம் வந்த வழியே போய்விட்டது. இந்த மனுஷனைக் கட்டியதில் அவளுக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

"பூசையிலை வைச்சதை இண்டைக்குத் தொடலாமோ?" என்று கேட்டாள்.

"உறை போய்ச் சேரட்டும். சரஸ்வதிக்கு நான் பதில் சொல்லுறன்."

அவரே எடுத்துக் கொடுத்தார். எழுதக்கூடாத நாளில், ஒழுகும் பேனையால், மிச்ச ஊரின் இன்றைய பெயரை அவள் எழுதினாள். 2.45க்கு மிஸிஸ் லிம்மின் கார் புறப்பட்டது.

மூன்றாம் வாரம் ஓர் உறை வந்தது. அனுப்பிய ஊரை ஷியாமென் என்றல்ல, பழையபடி அமோய் என்றே எழுதியிருந்தது. அனுப்பியவர் இடத்தில் இரண்டு பெயர்கள், இரண்டு கையெழுத்தில்.

ஏரம்பமூர்த்தி அதைச் சாமியறைப் பக்கம் கொண்டுபோகமுன் கண்மணி பறித்துக்கொண்டாள்.