ஆறு ஆரஞ்சுப் பழங்கள்

மேஜை மீது மல்லாந்து கிடந்தது பிணம்.

வயிற்றைக் கிழித்துக் குடலை உருவிக்கொண்டிருந்தான் டாக்டர்.

பதற வேண்டாம். பிணம் என்பது ஒரு மலிவு விலை செல்ஃபோன். டாக்டர் என்பது அதை ரிப்பேர் செய்கிறவனுக்குத் தெரு வைத்த பெயர்.

கடை வாசலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தான்.

அக்கா! கூடவே அத்தான்.

"மாப்ள..." அத்தான் தன் ஃபோனைக் கண்ணாடி மேஜையில் வைத்தார். "இதுக்குள்ள எவனோ ஒளிஞ்சிருக்கான்."

டாக்டரின் இடுக்கி நழுவியது.

"எ... எப்படிச் சொல்றீங்க?"

"சும்மா கிடக்கறப்பவே காய்ச்சல்காரன் நெத்தி மாதிரி சுடுது. காலைல சார்ஜ் போட்டா மத்தியானம் உயிரை விடுது. தொடாமலே நெட் கரையுது. ஒட்டுக் கேக்கற ஆப் இருந்தா இப்படித்தான் ஆகுமாம்."

"இதெல்லாம் உங்களுக்கு யார் சொன்னா?"

"பேப்பர்ல படிச்சேன்."

டாக்டர் குனிந்து, நழுவிய இடுக்கியைத் தேடினான்.

அந்த ஃபோனைப் பிறந்தநாள் பரிசாகக் கொடுத்தவனே அவன்தான். ஒட்டுக்கேட்கும் ஆப்பை உள்ளே வைத்துக் கொடுத்தவனும் அவன்தான்.

காரணம்? ஒருநாள் அக்கா சமையலறையில் அழுதாள். கேட்டதற்கு வெங்காயம் என்றாள். அங்கே வெங்காயமே இல்லை. அத்தான் கை நீட்டுகிறாரோ?

நான்கு மாதம் கேட்டான். கிடைத்ததெல்லாம் குறட்டை... சுருதி சேராத பாட்டு... அக்காவிடம் சில்லறைக் கேலி... 'உன் தம்பிக்கு ஒரு நல்ல பொண்ணா பார்க்கணும்' என்ற அக்கறை.

அன்றே அதைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். திருட்டுக் காதுக்கு ருசி பழகிவிட்டது.

அம்மா போனபின் அவனை இடுப்பில் சுமந்து வளர்த்தவள் அக்கா. அவளுக்குத் தெரிந்தால்...?

ஃபோனை இப்படியும் அப்படியும் புரட்டினான். "ஒண்ணும் இல்ல அத்தான். பேட்டரி வீக்."

"அப்படியா? செவ்வாய்க்கிழமை வீட்ல நான் மட்டும் இருந்தேன். சுவரைப் பார்த்துச் சொன்னேன், 'அவளுக்கு வயித்துல கட்டி, யாருக்கும் தெரிய வேணாம்'னு. சுத்தப் பொய். கேட்டது சுவரும் இந்த ஃபோனும்தான்." அத்தான் குனிந்தார். "புதன்கிழமை காலைல ஆறு ஆரஞ்சோட வந்து நின்னியே மாப்ள... சுவர் சொல்லுச்சா?"

"நானும் யோசிச்சேன்," என்றாள் அக்கா. "பத்து வருஷமா கையை வீசிக்கிட்டு வர்றவனாச்சேன்னு."

டாக்டரின் தலை தானாகக் கவிழ்ந்தது.

"நான்தான்க்கா. நீ அழுதியா... மனசு கேக்கல..."

"எங்க படுக்கையறை வரைக்குமாடா?"

அறைந்திருந்தால்கூடத் தேவலை. அவள் அறையவில்லை.

"எடு. என் கண்ணு முன்னாடி எடு."

ஃபோனைக் கம்ப்யூட்டரில் மாட்டி, தன் பாவத்தை அழித்தான். அழித்த இடத்துக்குக் கீழே...

இன்னொன்று!

கால்குலேட்டர் படம் போட்ட ஒரு ஆப்.

"இது நான் வைக்கலயே..."

அத்தானின் நெற்றி திடீரென்று வியர்த்தது. "அது கூட்டல் கழித்தல் போடறது மாப்ள. தொடாதே."

டாக்டர் தொட்டான்.

"என்னடா அது?" என்றாள் அக்கா.

'என்னடா அது?' என்றது அத்தானின் ஃபோன். அக்காவின் குரலில்!

அக்கா மெல்லத் தன் கைப்பையைத் திறந்தாள். உள்ளே அவளுடைய ஃபோன், காய்ச்சல்காரன் நெற்றியாய்ச் சுட்டது. கல்யாண நாளுக்கு அத்தான் வாங்கிக் கொடுத்தது.

"நான் யார்கிட்ட என்ன பேசினாலும் சாயங்காலம் இவர் அதையே குத்திக் காட்டுவார். எனக்குத்தான் புத்தி பிசகிருச்சோன்னு... அன்னிக்கு அதுக்குத்தான்டா அழுதேன்."

மேஜையிலிருந்த ஃபோனும் அதையே ஒருமுறை சொல்லி முடித்தது.

"பேப்பர்ல படிச்சேன்னு சொன்னீங்களே அத்தான்..." என்றான் டாக்டர். அத்தான் வாசலைப் பார்த்தார்.

அக்கா ஷட்டரைப் பாதி இறக்கினாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

"ஆறு ஆரஞ்சும் ஃப்ரிட்ஜ்ல அப்படியேதான் இருக்கு. ஆஸ்பத்திரில பக்கத்துப் பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கிட்டு, ஆளுக்கு மூணா உரிச்சுத் தின்னுங்க!"