லூசியனுக்கு இரண்டு தட்டு

அழாதே, மிரெயில். இப்போது அழுதால் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்கள் பார்த்துவிடுவார்கள். பார்த்தால் கேட்பார்கள்.

தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அவள் குனிந்து தம்பியின் கல்லறையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பும் வெள்ளையுமாய் ஓடு பதித்த, உள்ளே உடல் இல்லாத கல்லறை. கரீபியக் கடலின் அந்தத் தீவு, நவம்பர் பிறந்ததும் இறந்தவர்களைக் கழுவித் துடைத்து, பொழுது சாயும்போது மெழுகுவர்த்தி ஏற்றும். முன்பு சுற்றுலாக்காரர்கள் அதை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். இப்போது பார்ப்பதோடு விடுவதில்லை.

கடற்பாசி ஒதுங்கி அழுகி, கரையெல்லாம் நாறி, விடுதிகள் மூடிக் கிடந்த காலத்தில்தான் உணர்வேற்றி என்ற கருவி வந்தது. கொடுப்பவர் பிடரியில் ஒரு பட்டை, விருந்தாளி பிடரியில் ஒன்று. உணர்வு அவருக்குப் போய்விடும், ஞாபகம் உங்களிடமே இருக்கும் என்றார்கள். பொய் சொல்லவில்லை. முதலில் ஊர்க்காரர்கள் மழை வரும் மகிழ்ச்சியைக் கொடுத்தார்கள். பிறகு திருவிழாத் துள்ளலை. விருந்தாளிகளுக்குப் போதவில்லை, ஆழமாய் ஏதாவது கேட்டார்கள். மிரெயிலின் அக்கா ஒடெட், கடலுக்குப் போய்த் திரும்பாத தம்பி லூசியனுக்காகத் தான் பட்ட துக்கத்தைக் கொடுத்தாள். அதற்குக் கிடைத்த பணத்தில் வீட்டுக்குப் புதுக் கூரை வந்தது. நிம்மதியாகத் தூங்கினேன் என்று சிரித்தாள். மிரெயில் எதையும் கொடுக்கவில்லை.

வெயிலில் சிவந்த ஒரு பெண் வேலியைத் தாண்டி வந்தாள். ஒடெட்டின் துக்கத்தை வாங்கியவள், ஆண்டுதோறும் வருகிறாள். விரலை மடக்கிக் கல்லறையை இரண்டு முறை தட்டினாள். மீன்பிடித்துத் திரும்பியதும் லூசியன் கதவைத் தட்டுவது அப்படி. அவன் போனபின் ஒடெட் இங்கே வந்து அப்படித்தான் தட்டுவாள். ஏன் தட்டுகிறோமென்று இந்தப் பெண்ணுக்குத் தெரியாது. வாங்கிய துக்கம் தட்டச் சொன்னது. ஓட்டில் முகம் புதைத்து அழுதாள்.

"பாருடி, எப்படி அழுறா," என்றாள் பக்கத்தில் நின்ற ஒடெட். "யாருக்காகன்னு அவளுக்குத் தெரியல. எனக்குத் தெரியும், அழுகைதான் வரல. பஸ் நேரம் தெரியற மாதிரி அவனைத் தெரியுது."

"திருப்பிக் கேட்கவேண்டியதுதானே?"

"கேட்டேன். தரமாட்டாளாம். இது போச்சுன்னா தனக்குள்ள ஒண்ணுமே இல்லையாம். மகராசி!"

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். ஒடெட் பைக்குள்ளிருந்து இரண்டு பட்டைகளை எடுத்தாள்.

"உன்னோடதைக் கொடு, மிரெயில். வெளியாளுக்கு இல்ல, எனக்கு. இன்னிக்கு மட்டும் அவனுக்காக அழுதுட்டுத் தந்துடறேன்."

"அவளும் அப்படிச் சொல்லித்தானே வாங்கினா?"

"நான் உன் அக்காடி! அவன் எனக்கும் தம்பி!"

பட்டையைப் பிடித்திருந்த ஒடெட்டின் கை நடுங்கவேயில்லை. அதைப் பார்த்தபோதுதான் மிரெயிலுக்கு அக்கா மேல் பரிதாபம் வந்தது. இதை வாங்கக்கூட வேலியோரம் ஆள் இருக்கும். கொடுத்துவிட்டால் அக்கா அழுவாள்; பக்கத்தில் தான் நின்று, பஸ் நேரத்தைப் போல லூசியனைத் தெரிந்துவைத்திருப்பாள். மறுபடி கெஞ்சவேண்டியவள் தானாக இருப்பாள்.

அவள் தேய்க்கும் பிரஷை அக்காவிடம் நீட்டினாள்.

"அந்த மூலையில இன்னும் பாசி போகலக்கா."