கூடுதலாக ஒரு வால்வு

“அந்தப் பெட்டி இருக்கணும், இல்ல நான் இருக்கணும். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

“கத்தாதடி. சாலிடர் சூடா இருக்கு.”

“சாலிடர் மட்டுந்தான் இந்த வீட்ல சூடு. சாப்பாடு ஆறி மூணு மணி நேரம் ஆச்சு.”

ரேடியோ மெக்கானிக் வீட்டுச் சண்டை எங்கள் தெருவுக்குப் புதிதல்ல. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுச்சுவர் ஒற்றைச் செங்கல், நாமாகக் காதை வைக்கத் தேவையில்லை. அன்று புதிதாக இருந்தது, பரணிலிருந்து பெட்டியை இறக்கும் சத்தம்தான். துணிப்பெட்டி.

சண்டைக்குக் காரணமான பெட்டி வேறு. இடிபட்ட பிரார்த்தனைக் கூடத்திலிருந்த ஆர்கன் வாத்தியத்தை உடைத்து விறகாக்கியபோது, அதன் வயிற்றுக்குள் இருந்த, கண்ணாடிக் குழாய் வால்வுகள் வைத்த ஆம்ப்ளிஃபையரை மட்டும் மனைவியின் தம்பி தூக்கி வந்திருந்தான். “மாமா, இதைக் கிட்டாருக்கு மாத்திக் குடுங்க. இந்த மாதிரி சத்தம் கடையில கிடைக்காது.” மாமாவுக்குக் கையில் வேலை வந்தால் வாய் மூடிக்கொள்ளும். மனைவியிடம் நல்லதாக நாலு வார்த்தை பேசி வருடம் ஒன்றாயிற்று.

துணிப்பெட்டியின் சத்தம் அவருக்கும் கேட்டது. எழுந்து போய்ச் சொல்ல வேண்டியதை மனதுக்குள் கோத்துக்கொண்டார்: தப்பு என்மேலதான், தங்கம், போயிடாத. இதை முடித்துவிட்டுப் போய்ச் சொல்லலாம் என்றும் நினைத்தார். மெக்கானிக் புத்தி.

ஆர்கன் தரும் சத்தம் பலமானது. கிட்டார் தருவது கொசு முனகல். அந்த முனகலைப் பெரிதாக்க அவர் முன்பக்கம் கூடுதலாக ஒரு வால்வைச் சேர்த்திருந்தார். சுவிட்சைப் போட்டார். சூடான தூசியும் பழைய மெழுகும் கலந்த வாசனை மெல்ல எழுந்து அறையை நிறைத்தது. வால்வுகள் ஒவ்வொன்றாகச் சிவந்தன. ஸ்பீக்கரில் முதலில் உறுமல், பிறகு உறுமலுக்கு அடியில், யாரோ பாட வாயெடுக்கும்முன் இழுத்துக்கொள்ளும் மூச்சு. கிட்டாரை இன்னும் செருகவில்லை. இழுத்த மூச்சு வெளியே வரவும் இல்லை.

சில வால்வுகள் மைக் மாதிரி அறைச் சத்தத்தைப் பிடிக்கும். அதைச் சோதிக்க அவருக்கு ஒரு பழக்கம். கிட்டப் போய்ப் பேசுவார்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு.”

கொஞ்ச நேரம் கழித்துப் பெட்டி சொன்னது: “மூணு.”

அவர் குரல்தான். ஆனால் இன்னும் இளசாக, ஜலதோஷம் இல்லாமல். ஓஹோ, எதிரொலி தரும் ஸ்பிரிங்கின் வேலை என்று அவர் அதைக் கழற்றி ஓரமாக வைத்தார். மறுபடி சோதித்தார்.

“ஒண்ணு, ரெண்டு,” என்றார். அடுத்தது வரவில்லை. நாக்கு சரியான இடத்துக்குப் போயிற்று, உதடு குவிந்தது, காற்று மட்டும் போனது.

“ரெண்டு,” என்றது பெட்டி.

வேறொருவராக இருந்தால் அங்கேயே எழுந்து ஓடியிருப்பார். இவரோ பழுது எங்கே என்று பார்ப்பவர். வயரைத் தொட்டுப் பேசினார், வால்வை மாற்றிப் பேசினார், பென்சிலால் தட்டிப் பேசினார். ஒவ்வொரு சோதனைக்கும் தொண்டையிலிருந்து ஒரு பிடி குரல் குறைந்தது. பெட்டி தன் குரலைத் தின்கிறது என்று புரிந்தபோது வீட்டு வாசலில் செருப்புத் தேடும் சத்தம். மனைவி.

கூப்பிட்டார். காற்று.

பிளக்கைப் பிடுங்கினார். மின்சாரம் வடிய ஐந்து நொடி ஆகும். எண்ணினார். பத்து. இருபது. வால்வுகள் அணையவில்லை.

மேஜையைத் தட்டினார். ஸ்பேனரைச் சுவரில் எறிந்தார். (என் வீட்டுக் கடிகாரம் விழுந்தது அப்போதுதான்.)

“எறிங்க, நல்லா எறிங்க,” என்றாள் அவள் வாசலிலிருந்து.

கூடுதல் வால்வைப் பிடித்து இழுத்தார். விரல் பொசுங்கியது. வால்வு கையோடு வந்தது.

அது இல்லாமலே, பெட்டி மூச்சை விட்டது.

“தப்பு என்மேலதான், தங்கம். போயிடாத.”

செருப்புச் சத்தம் நின்றது. பிறகு அறைக் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து, அவள் நெற்றியைக் கதவில் சாய்த்தாள்.

“இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு வருஷமாங்க?”

அவர் கதவைத் திறந்தார். தலையை ஆட்டினார், நான் இல்லை, நான் இல்லை என்று. அவள் அவரைப் பார்க்கவே இல்லை. அவர் தோளைத் தாண்டிப் பெட்டியைப் பார்த்தாள்.

தம்பி கிட்டாரை யாருக்கோ கொடுத்துவிட்டு, பேக்கரிக்காரர் மகளைக் கட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டான். பெட்டியைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறான். அக்கா எதிர்ச்சாரியில் மாடி வீடு பார்த்துக் குடிபோனாள், பேசும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு. நன்றாக இருக்கிறாள், சதை போட்டிருக்கிறாள். மாலையானால் மேலே இரண்டு குரல் பேசிச் சிரிப்பது தெருவுக்கே கேட்கும்.

அந்த நேரத்தில் இந்தப் பக்கத்து ஜன்னலில் மெக்கானிக் நிற்பார். மேலே ஆண்குரல் பேசப் பேச, இங்கே அவர் உதடுகள் சத்தமில்லாமல் அசையும், கண்ணில் நீர் வழியும். தூங்கப் போகும்போது அவள் சுவிட்சை அணைப்பாள்; அவருக்கு அணையாத பெட்டி அவளுக்கு அணையும். அவர் வாய் எந்த எழுத்தில் இருக்கிறதோ அந்த எழுத்திலேயே நின்றுவிடும். விடியும்வரை அப்படியே திறந்திருக்கும்.