எழுபத்தொரு மில்லிமீட்டர்

அன்றைக்குப் பெய்ததை மழை என்று சொன்னால் மழையே கோபித்துக்கொள்ளும். வானத்தை யாரோ தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் இரண்டு தட்டும் தட்டியிருந்தார்கள். அந்த வெள்ளத்தில், தன் மழைக்கோட்டைக் கழற்றி ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குப் போர்த்திவிட்டு, தான் மட்டும் தொப்பலாக நனைந்தபடி ரிப்பேர் கடைக்குள் ஓடி வந்தாள் அவள்.

கடைக்காரன் நிமிர்ந்தான். தெருவில் அவனுக்குப் பெயர் 'பெட்டி டாக்டர்'. அவன் கண்ணாடியின் ஒரு காம்பு ஒடிந்து, செம்புக் கம்பி சுற்றிக் கட்டியிருந்தது. நிமிடத்துக்கு நாலு தடவை அது மூக்கிலிருந்து வழுக்கும். நடுவிரலால் மேலே தள்ளுவான். மழைத்துளி தொங்கும் இமைகளோடு ஒருத்தி எதிரே நிற்க... அவன் பார்த்ததோ பெட்டியை!

"இதுல வி.ஆர். கேம் ஓடணும். என்ன மாத்தணுமோ மாத்திக் குடுங்க."

மூடியைக் கழற்றினான். உதட்டைப் பிதுக்கினான்.

"மேடம்... இது கம்பெனியிலேயே பூட்டி அனுப்பின பெட்டி. ஆபீஸ்ல லெட்டர் அடிக்கப் பொறந்தது. கிராஃபிக்ஸ் கார்டு போட இடமே இல்ல. பவர் சப்ளை பத்தாது. மாத்தலாம்னா, அவன் தனக்குன்னு ஒரு வடிவத்துல பிளக் வச்சிருக்கான். பேசாம புதுசா ஒண்ணு..."

"முடியுமா, முடியாதா? இரங்கல் கூட்டம் நடத்தச் சொல்லலையே நான்!"

"முடியும்னா பொய். முடியாதுன்னா... நீங்க அடிச்சிடுவீங்க போலிருக்கு."

"ரெண்டாவது சரி."

அவன் சிரித்துக்கொண்டே ஒரு திருகாணியைப் பார்க்கக் குனிந்தான். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவள் வேலை. பன்னிரண்டு வருஷ அனுபவம்! பறந்து போகிற கொசுவுக்குக்கூட இரண்டு கண்ணுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று சொல்லிவிடுவாள்.

"தலையை ஏங்க அப்படிச் சாய்க்கிறீங்க? சாயங்காலமானா தலைவலி வருமே?"

"உங்களுக்கு எப்படி..."

"யாரு இந்தக் கண்ணாடியைப் பண்ணினது? லாரிக்கு ஹெட்லைட் மாட்டுறவரா? கழட்டுங்க அதை."

கைப்பையிலிருந்து ஒரு குட்டி அளவுகோலை எடுத்து அவன் மூக்குக்கு மேலே வைத்தாள்.

"அசையாதீங்க. என் இடது கண்ணை மட்டும் பாருங்க."

வலது கண்ணை மூடினாள். பிறகு அதைத் திறந்து, இடது கண்ணை மூடினாள்.

"இப்ப வலது கண்ணை."

கண்மணிகளின் இடைவெளியை அப்படித்தான் அளக்க வேண்டும். சுத்தமான தொழில்! ஆனால் அவன் பக்கம் நின்று பாருங்கள்... ஒரு சாண் தூரத்தில், மழை வாசனையோடு ஒரு முகம், முதலில் ஒரு கண்ணைச் சிமிட்டுகிறது... அப்புறம் மற்றதை! அவன் இதயம், ஆணி கழன்ற ஃபேன் மாதிரி கடகடவென்று அடித்தது.

"எழுபத்தொண்ணு! ரொம்ப அபூர்வம்ங்க. நான் அளந்ததுல நீங்கதான் ரெண்டாவது ஆள். இதைப் பண்ணின மனுஷன் அறுபத்துமூணுக்குக் கண்ணாடி போட்டிருக்கார். புதுசு நான் பண்ணி வைக்கிறேன். நீங்க பெட்டியை முடிங்க."

அவள் போய் வெகுநேரம் கழித்துத்தான் அவனுக்கு மூச்சு விட ஞாபகம் வந்தது.

மூன்றே நாள். அந்தச் சின்னப் பெட்டியின் உயிரை எடுத்துப் பெரிய கூட்டில் வைத்தான். புது பவர் சப்ளை, அதற்கொரு மாற்று ஒயர், முழங்கை நீளத்துக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. அவள் பெட்டியோடு கொடுத்துவிட்டுப் போன, கண்ணை மறைத்து மாட்டும் வி.ஆர். ஹெட்செட்டைத் தானே மாட்டி, சூடு தாங்குகிறதா என்று ஆட்டத்தை ஓடவிட்டும் பார்த்தான். அந்தச் சோதனையில்தான் வினை.

அவள் தனியாகக் குடிவந்து இரண்டு மாதம். அந்த வீட்டுச் சாவி ஒன்றுக்காக அக்காவோடு மூன்று வருஷப் போர்! கடைசியில் அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: "பயமா இருக்குன்னு ஒரு தடவை வாயைத் தொறந்தே... மூட்டை முடிச்சோட எங்க வீட்டுக்கு வந்துடணும்." இவளும் கையில் அடித்துச் சத்தியம் செய்திருந்தாள்.

பெட்டி வந்த அன்று சாயங்காலம் ஹெட்செட்டை மாட்டினாள். மூடுபனி சூழ்ந்த மலை உச்சி. இருட்டிலிருந்து மிதந்து வரும் விளக்குகளைக் கையால் பிடிக்க வேண்டும், பத்து நிமிட ஆட்டம். பகலெல்லாம் இருட்டறையில் அடுத்தவர் கண்ணைப் பார்ப்பவளுக்கு, தன் கண்ணால் தூரமாக எதையாவது பார்க்க ஆசை.

ஐந்து விளக்கு பிடித்தாள். பின்னங்கழுத்தில் ஏதோ குறுகுறுத்தது. திரும்பினாள்.

பனிக்குள் ஒரு தலை நின்றது. சாம்பல் நிறம். வாய் இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெளிச்சப் புள்ளிகள். கழுத்து இல்லை, உடம்பு இல்லை. கீழே இரண்டு கைகள் மட்டும் தனியாகத் தொங்கின.

அது விளக்குகளைப் பிடிக்கவில்லை... அவளை நோக்கி வந்தது. சற்றே குனிந்தது, தன்னைவிடக் குள்ளமான யாரிடமோ பேசுவதுபோல. ஒரு கை உயர்ந்தது... தயங்கியது... இல்லாத தொடையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டது. பிறகு மெல்ல நீண்டது. விரித்த கை. காத்திருந்தது.

ஹெட்செட்டைப் பிடுங்கி எறிந்தாள். அதே ஹால். அதே சோபா. ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. போன் அடித்தது... அக்கா!

"என்னடி, மூச்சு வாங்குது?"

"மாடிப்படி ஏறி வந்தேன்க்கா."

"நீ இருக்கறது கீழ் வீடு."

"...இறங்கி வந்தேன்."

மறுநாளும் அது வந்தது. அதே இடம், அதே குனிவு, அதே நீண்ட கை. இரண்டு நிமிடத்துக்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. மூன்றாம் நாள் ஹெட்செட்டைத் தொடவே இல்லை. ஆனாலும் ஹாலில் அது நின்ற மூலையை விலகியே நடந்தாள், அங்கே யாரோ நிற்பதுபோல, இடித்துவிட்டால் மரியாதை இல்லை என்பதுபோல...

நான்காம் நாள் கடைக்குள் புயலாக நுழைந்தாள்.

"எந்தச் செத்தவன் வீட்டு கார்டைப் புடுங்கி என் பெட்டியில போட்டீங்க?"

"என் கடையில பழைய சரக்கைப் போட்டு ஏமாத்துற பழக்கம் இல்லீங்க!"

"அப்போ மலை மேல கையை நீட்டிக்கிட்டு நிக்குதே, அது யாரு?"

அவன் முகம் வெளுத்தது. கையிலிருந்த ஸ்க்ரூடிரைவர் கீழே விழுந்தது.

"அது... எவ்வளவு நேரம் பார்த்தீங்க?"

"ஏன்? முழுசாப் பார்த்தா ரத்தம் கக்கிடுவேனா?"

"பெட்டியைக் கொண்டாங்க. ஒரு நிமிஷத்துல அழிச்சுடறேன்."

"யாருன்னு சொல்லுங்க, அப்புறம் அழிக்கலாம்."

"அதைச் சொல்ல முடியாதுங்க."

எவ்வளவு திமிர்! அவள் கண்கள் நிறைந்தன. கோபத்தில்தான்... வேறெதற்கு?

"உங்க புதுக் கண்ணாடி ரெடியாயிடுச்சு. அதை வேற கடையில போய் வாங்கிக்குங்க!" என்று, அர்த்தமே இல்லாமல், சொல்லிவிட்டு வெளியேறினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா? "இதென்னடி, குதிரைக்குக் கண் மறைப்பு மாதிரி?" என்று ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். அடுத்த நிமிடம் அவள் போட்ட கூச்சலில் ஏழு தெருவுக்கு மின்விளக்கு அணைந்து எரிந்தது.

"தலை மட்டும் நிக்குதுடி! கையை நீட்டி என்னைக் கூப்பிடுது! எடு துணிமணியை... கிளம்பு!"

பெட்டியின் மேல் ஒட்டியிருந்த நம்பருக்கு அக்காவே போன் போட்டாள். "தம்பி, உடனே வந்து இந்தச் சனியனைக் கழட்டிட்டுப் போங்க!" பிறகு உள்ளறைக்குப் போய் அலமாரியைக் காலி செய்யத் தொடங்கினாள்.

ஹாலில் இவள் தனியாக நின்றாள். மூன்று வருஷப் போரில் ஜெயித்த வீடு... யாரென்றே தெரியாத இரண்டு கைகளிடம் தோற்பதா? ஹெட்செட்டை மாட்டினாள்.

பனி. மலை. அது வந்தது. ஓடத் தோன்றியது. ஆனால் நகரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, அந்த வெளிச்சப் புள்ளிகளை நேருக்கு நேர் பார்த்தாள்... பார்த்ததும், பன்னிரண்டு வருஷப் பழக்கம் தானாகவே அளந்தது.

எழுபத்தொன்று.

அந்தக் கை உயர்ந்தது. நடுவிரல், மூக்கில் இல்லாத எதையோ மேலே தள்ளியது.

"அட... பாவி மனுஷா!"

ஓடிய பயம் போன இடம் தெரியவில்லை. அங்கேயே நின்றாள். அது குனிந்த உயரம் அவளுடைய உயரம்தான்! வாயில்லாத தலை எதையோ சொல்ல முயன்றது, கை நீண்டது, பயந்து பின்வாங்கியது, முதலிலிருந்து தொடங்கியது. நான்கு ஒத்திகை. நான்காவது தடவை கை நீண்டபோது... அவள் தன் கையை எடுத்து அதில் வைத்தாள். காற்றுதான். ஆனாலும் விரல் நுனி சில்லிட்டது.

பத்து நிமிடம் முடிந்தது. 'உங்கள் ஆட்டம் நிழலாகப் பதிவானது' என்று எழுத்து மின்னியது. ஓ... முழுதாக ஆடி முடித்தவரின் நிழலை, உயரம், கண் இடைவெளி உட்பட, இந்த ஆட்டம் சேர்த்துவைக்கும்! இத்தனை நாளும் பாதியில் ஓடியதால் அவள் அதை அறியவே இல்லை. சோதித்தவன் தன் நிழலை அழிக்க மறந்துவிட்டான்.

வாசலில் அவன் சொட்டச் சொட்ட நின்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரெண்டே நிமிஷம். அழிச்சுட்டுப் போயிடறேன்."

"ஒரு தடவை பார்த்துட்டு அழிங்க. முழுசா."

மறுக்கத் தெம்பில்லாமல் மாட்டிக்கொண்டான். அக்கா கையில் துணிமூட்டையோடு வந்து நின்றாள்.

ஹாலின் நடுவில் அவன் உறைந்தான். பனிக்குள் இப்போது இரண்டு தலைகள். ஒன்று அவனுடையது. எதிரே சற்றுக் குள்ளமாக இன்னொன்று, கண்கள் கொஞ்சம் நெருங்கி... அது ஓடவில்லை. நீண்டிருந்த அவன் கைக்குள் தன் கையை வைத்தது.

"இது... யாரோட..."

"அளந்து பாருங்க."

அவன் கை, யாருமில்லாத காற்றில், தானாக நீண்டது. அதில் அவள் கை வந்து விழுந்தது. இந்தத் தடவை காற்று இல்லை. ஈரம், சூடு... எல்லாம் இருந்தது.

"நாலு ஒத்திகையிலயும் ஒரு வார்த்தை கேக்கலைங்க. சத்தம் பதிவாகாது போல. இப்ப சொல்லுங்க."

ஹெட்செட்டுக்குள்ளிருந்தே அவன் குரல் வந்தது. "அன்னிக்கு நீங்க கண்ணை மூடித் தொறந்தது வேலைதான்னு தெரியும்... தெரிஞ்சும், அன்னியிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடலைங்க. உங்களை எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. அதைச் சொல்லத்தான்..."

"எனக்கும்தான். வேற கடையில கண்ணாடி வாங்கிடுவீங்களோன்னு ரெண்டு நாளா தூக்கமில்ல."

"யாராவது எனக்கு விளங்குற மாதிரி சொல்லுங்களேன்!" என்றாள் அக்கா. "அப்போ பேய்?"

"இவர்தான்க்கா."

அக்கா அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இதுக்காடி பயந்தே?"

"நான் எங்கே பயந்தேன்? கத்தினது நீதானே!"

அக்கா துணிமூட்டையை எடுத்துக்கொண்டு, மறுபடி அலமாரியில் அடுக்க உள்ளே போனாள்.

அவள் எட்டி, அவன் ஹெட்செட்டைக் கழற்றினாள். வெளியே மழை விடுவதாக இல்லை.

"அசையாதீங்க. என் இடது கண்ணை மட்டும் பாருங்க."

வலது கண்ணை மூடினாள். இந்தத் தடவை அவள் கையில் அளவுகோல் இல்லை.