தென் எல்லை

திங்கட்கிழமை காலை நெல்சன் கணினியைத் திறந்தபோது தென் எல்லை நகர்ந்திருந்தது.

எண்ணூர் கழிமுகத்துத் தண்ணீர் ஆய்வுக்கு அவன் எழுதிவைத்த விவரக்குறிப்பு அது. டெல்லியில் இருக்கும் தரவுக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டியது. ஆய்வு நடந்த இடத்தின் நான்கு எல்லைகள், தொடங்கிய தேதி, முடிந்த தேதி. எல்லைகளை உள்ளிட்டால் திரையின் வரைபடத்தில் ஒரு சிவப்புக் கட்டம் விழும். பிற்பாடு யாராவது ஓர் இடத்தையும் காலத்தையும் சொல்லித் தேடினால், அதற்குள் அடங்கியது மட்டும்தான் அவர்கள் கைக்கு வரும். வெளியே விடுபட்டதை யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

சனிக்கிழமை அவன் கட்டத்தின் கீழ்க்கோட்டை முகத்துவாரத்துக்கு மேலே நிறுத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனான். இப்போது அது முகத்துவாரத்தைத் தாண்டித் தெற்கே இறங்கியிருந்தது. அவன் ஜூலையோடு முடித்திருந்த தேதியும் மாறியிருந்தது. 2002 ஆகஸ்ட் 19.

அன்றுதான் சிவந்தி செத்தாள்.

எண்ணூர்க் குப்பத்துக்காரி. கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் புட்டியில் நீர் பிடித்துத் தருவது அவள் வேலை. அன்று அவள் முகத்துவாரத்தில் நின்றிருந்தபோது, கரைமேல் இருந்த அனல்மின் ஆலை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வெந்நீரைத் திறந்துவிட்டது. சாம்பல் சேறு அவளை இழுத்துக்கொண்டது. உடம்புகூடக் கிடைக்கவில்லை. கையால் இறால் தடவிப் பிடிக்கப் போனவள் தவறி விழுந்துவிட்டாள் என்று போலீசில் எழுதிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை நிறுவனத்தின் மேலாளர் ஞானம் அவனைக் கூப்பிட்டு மெதுவாகத்தான் சொன்னார். "கட்டத்தைக் கொஞ்சம் மேல தள்ளிடு நெல்சன். தேதியையும் ஜூலையோட முடிச்சிடு. அந்த எடத்துல, அந்த நாள்ல நமக்கு வேலையே நடக்கல. அவ்ளோதான்."

தள்ளினான். முடித்தான். இப்போது மறுபடியும் அதையே செய்தான். பதிந்துவிட்டதா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டான்.

மத்தியானம் சிவந்தியின் தங்கை பூமாரி வந்தாள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் லாரி இரைச்சலெல்லாம் அவளோடு மாடியேறி வந்ததுபோல இருந்தது. உட்காரச் சொன்னான். உட்காரவில்லை.

"சார், எங்கக்கா உங்க வேலைக்குத்தான் எறங்குச்சு. நீதான பாட்டில் குட்த்த? ஒரு வார்த்த எழுதிக் குடு சார். பச்சப் புள்ள ரெண்டு கீது வூட்ல."

"ரெக்கார்டுல அந்த எடம் இல்லம்மா. அந்தத் தேதியும் இல்ல."

"எடம் எங்க சார் பூடும்? தோ, அங்கயேதான் கீது."

அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி. அப்போ எங்கக்கா எங்கதான் எறங்குச்சு? நீயே சொல்லு." அவள் அழவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. "எடம் இல்லாம ஆக்கிட்டல்ல? அது சும்மா கெடக்காது. எடம் கேட்டு உன்னாண்ட வரும், பாத்துக்க."

அவள் போன பிறகும் அறையில் ஒரு வாடை நின்றது. உப்பும் கரியும் வெந்த மீனும் கலந்த வாடை.

செவ்வாய்க்கிழமை கட்டம் திருவொற்றியூருக்கு வந்திருந்தது.

கீழ்க்கோடு மட்டும் இறங்கவில்லை. மேல்கோடும் கூடவே இறங்கியிருந்தது. எண்ணூரே இப்போது வெளியே கிடந்தது. கடற்கரைச் சாலை, ரயில் பாதை, இந்த அலுவலகம் இருக்கும் தெரு எல்லாம் சிவப்புக்குள். நெல்சன் எல்லை எண்களை அழித்தான். மின்விசிறியின் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தண்ணீருக்குள் ஒருவர் காலை மெல்ல எடுத்து, மெல்ல ஊன்றி நடக்கும் சத்தம். பக்கத்து மேசைக்காரர்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

கைகழுவப் போனான். குழாயில் வெந்நீர் வந்தது. வெள்ளைத் தொட்டியில் சாம்பல் நிறமாகச் சுழன்று இறங்கியது. பின்னாலிருந்து ஞானம் எட்டிப் பார்த்தார். "டேங்க் வெயில்ல சூடாயிருக்கும்," என்று அவரும் கையைக் கழுவிக்கொண்டு போய்விட்டார்.

நெல்சனால் நகர முடியவில்லை. யாரிடமும் சொல்லாத ஒன்று அவனிடம் இருந்தது. அன்று கரையில் அவன் வைத்திருந்த, செயற்கைக்கோள் வழியாக இடத்தைக் குறிக்கும் கருவி இடத்தைப் பிடிக்க நேரமானது. தண்ணீர் சுடுகிறது, ஏறிவிடுகிறேன் என்று சிவந்தி சொன்னாள். அசையாமல் அங்கேயே நில், இன்னும் இடம் காட்டவில்லை என்று அவன் சொன்னான். நின்றாள். கருவி இடத்தைக் காட்டியபோது அந்த இடத்தில் அவள் இல்லை. ஒரு கை மட்டும் தெரிந்தது. அவன் ஜீப்பை நோக்கி ஓடினான்.

புதன்கிழமை மத்தியானமே வானம் கறுத்துவிட்டது. சாப்பிட்டுவிட்டு வந்து திரையைப் பார்த்தான். கட்டத்தைக் காணோம். வரைபடத்தைக் கீழே தள்ளினான். தண்டையார்பேட்டையில் இல்லை. காசிமேட்டில் இல்லை. ராயபுரத்தில், தேவாலயத்துக்குப் பின்னால், சுருங்கிச் சுருங்கி ஒரு சிவப்புப் புள்ளியாக நின்றிருந்தது.

அவன் வீடு.

முடிந்த தேதி இருந்த இடத்தில் இன்றைய தேதி.

வெறி பிடித்தவன்போல அவன் எல்லாவற்றையும் திருத்தினான். உண்மையான எல்லைகளை உள்ளிட்டான். ஆகஸ்ட் பத்தொன்பதை உள்ளிட்டான். நீர் எடுத்தவர் என்ற இடத்தில், இதுவரை ஒருபோதும் எழுதாத பெயரை எழுதினான். சிவந்தி. பதிவு செய்தான். உண்மையைத்தான் எழுதினான். ஆனால் பயத்தில் எழுதினான். எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து உதிர்ந்தன. புள்ளி மட்டும் அசையவில்லை.

மனைவியைத் தேடி வீட்டுக்குப் போன் செய்தான். மூன்றாவது மணியில் யாரோ எடுத்தார்கள்.

"டெபோரா?"

தண்ணீர் தளும்பும் சத்தம். மூச்சு. வாய் நிறையச் சேறோடு விடும் மூச்சு.

பஸ்ஸில் ஜன்னலோரம் நின்றபடியே வந்தான். மழை இன்னும் விழவில்லை. அவன் செருப்புக்குள் மட்டும் ஈரம் ஊறிக்கொண்டிருந்தது. ராயபுரத்தில் இறங்கி ஓடினான். தெரு எப்போதும்போல இருந்தது. பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள். தேவாலயத்தில் புதன்கிழமை நவநாள் பாட்டு கேட்டது. டெபோரா அங்கேதான் போயிருப்பாள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வீடு பூட்டிக் கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

அப்படியானால் போனை எடுத்தது?

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தான். கை பூட்டைத் திறந்தது.

வாசற்படியைத் தாண்டி வைத்த கால் தரையைத் தொடவில்லை.

இடுப்பளவு வெந்நீர். சுவர்கள் இல்லை. கரையும் இல்லை. எல்லாப் பக்கமும் சாம்பல் நிறத் தண்ணீர், அதற்கு மேல் அதே நிறத்தில் வானம். அவன் வீட்டுக் கூடம் தலைக்கு மேலே, எட்டாத உயரத்தில், ஒரு ஜன்னல் அளவுக்குத் தெரிந்தது. நாற்காலி தெரிந்தது. மாதா படம் தெரிந்தது. காலை எடுக்கப் பார்த்தான். சேறு முழங்கால்வரை பிடித்துக்கொண்டது.

டெபோரா உள்ளே வந்தாள். முக்காட்டை எடுத்தாள். விளக்கைப் போட்டாள்.

"டெபோரா! இங்க! கீழ பாரு!"

அவள் கொடியில் கிடந்த துணியை மடித்தாள்.

அப்போது தண்ணீருக்கு அடியில் ஒரு கை அவன் கணுக்காலைப் பற்றியது. விட்டது. முழங்காலைப் பற்றியது. பிறகு இடுப்பை. அவன் எதிரே நீளமான தலைமுடி மேலே வந்து, மெல்லப் பரவியது. முகம் வரவில்லை. வெந்து தோல் உரிந்த இரண்டு கைகள் எழுந்து அவன் தோள்களைப் பிடித்தன. ஏணியைப் பிடிப்பதுபோல.

அவள் ஏறினாள்.

ஒரு பாதம் அவன் இடுப்பில். ஒன்று தோளில். பிறகு உச்சந்தலையில். ஒவ்வொரு மிதிக்கும் அவன் இறங்கினான். மார்புவரை. கழுத்துவரை. சுடுதண்ணீர் உதட்டைத் தொட்டது. தலையிலிருந்த பாரம் எம்பி, மேலே போனது.

மேலே, கூடத்தில், டெபோரா காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். அவள் முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களா? இன்னாங்க, இப்படி நனைஞ்சி வந்துகிறீங்க?"

துண்டை எடுத்துக்கொண்டு, சாம்பல் சொட்டச் சொட்ட நின்றிருந்ததன் அருகே போய், அன்போடு அதன் தலையைத் துவட்டத் தொடங்கினாள்.