நீலாம்பரி என்று எழுதியபோது

"கடல்ல போன வள்ளத்துக்க பேர மறுபடி எழுதப்பிடாது, மக்கா. எழுதினா அது திரும்பி வரும். ஆள எறக்க இல்ல, ஏத்த."

"இது வள்ளமில்லம்மா, பிளேனு. அதுவும் கம்ப்யூட்டர்ல."

"கடலுக்கு அதெல்லாம் தெரியுமாக்கும்? பொண்ணு பாக்குக வயசுல பிளேனுக்கு சாயம் அடிச்சிட்டு இருக்கான்!"

அம்மா எமில்டா இதைச் சொன்னபோது அபின் சிரித்தான். இப்போது சிரிப்பு வரவில்லை.

அவன் வயிற்றில் இருக்கும்போதே அப்பா கிளீட்டஸ் வளைகுடாவுக்கு ஏறிய விமானம்தான் 'நீலாம்பரி'. கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை, அம்மா இன்றுவரை தாலியைக் கழற்றவில்லை. அந்த விமானத்தைப் பழைய வண்ணங்களோடு வரைந்து, கணினியில் விமானம் பறக்கவிடும் சிமுலேட்டரில் ஓட்டி, அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரே ஒருமுறை, அது புறப்பட்ட திருவனந்தபுரத்திலேயே இறக்கிக் காட்டவேண்டும். அவ்வளவுதான் அவன் ஆசை.

அதற்குத்தான் இந்தப் பாடு. வெளிறிய புகைப்படங்களில் தேடித்தேடிச் சிவப்புக் கோட்டைப் பிடித்து, வாலில் சங்கு வரைந்து, சன்னல் சன்னலாக ஒட்டி முடித்தாலும், சிமுலேட்டரில் திறந்தால் வெள்ளை விமானம்தான் நின்றது. பிணத்துக்குப் போர்த்திய துணிபோல வெறும் வெள்ளை. அழித்து வரைந்தான். மறுபடி வெள்ளை. மவுசை மேசையில் அடித்தான்.

அடைமழை பெய்த அந்திவேளை. கடல், கரையில் போட்ட கல்லுக்கட்டை அறைந்துகொண்டிருந்தது. அடுத்த அறையில் அம்மாவின் ஜெபமாலை முணுமுணுப்பு. விடுபட்டது பெயர் ஒன்றுதான். எரிச்சலில், விமானத்தின் மூக்கருகே 'நீலாம்பரி' என்று எழுதித் திறந்தான்.

சிவப்புக் கோடு பளபளத்தது. சங்கு மின்னியது. அபின் கைதட்டப் போனான்.

ஒரு சன்னலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம்.

அவன் வரையாதது. எரிச்சலோடு தான் வரைந்த படத்துக்குப் போனான். அங்கே வெளிச்சமே இல்லை. இருந்தும் அந்தச் சன்னலில் கறுப்பை அப்பிவிட்டுத் திறந்தான். இப்போது இரண்டு சன்னல்களில் வெளிச்சம். ஒன்றில் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து ஓர் ஆண். கல்யாணப் படத்தில் அப்பாவிடம் பார்த்த அதே சரிந்த தோள். பக்கத்து இருக்கை காலி.

உப்பு நாற்றம். டீசல். நாள்பட நனைந்த துணியின் வாடை. இன்ஜினை இன்னும் அவன் இயக்கவில்லை. ஸ்பீக்கரில் தண்ணீர் தளும்பியது.

மூடினான். அது மூடிக்கொள்ளவில்லை. வயரைப் பிடுங்கினான். திரை அப்படியே ஒளிர்ந்தது.

ஜெபமாலை நின்றது.

"அம்மா, இங்க வராத!"

வந்துவிட்டாள். பெட்டியின் அடியில் கிடந்த கல்யாணப் புடவையைக் கட்டியிருந்தாள். அவனைப் பார்க்கவில்லை. அவன் வெறும் கோடாக வரைந்த கதவைத்தான் பார்த்தாள். கோடு கறுத்தது. விரிந்தது. உள்ளிருந்து தண்ணீர் வழிந்து, திரையைத் தாண்டி, மேசையில் சொட்டியது.

"அம்மா…"

எமில்டா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். புதுப்பெண்ணைப்போல வெட்கப்பட்டாள். ஒருநாளும் யாரிடமும் கேட்காததைக் கேட்டாள்.

"என்னையும் ஏத்திக்கிடுங்க."