கண் சிமிட்டிய குடை விளம்பரம்

அறுபத்திரண்டாம் வருஷத்துக் குற்றாலச் சாரல். காற்று உலகம்மாளின் குடையைப் பிடித்து இழுத்தது. குடைக்கம்பி, எதிரே வந்தவன் கையிலிருந்த கண்ணாடித் தகட்டில் கீறிவிட்டது. காயாத வர்ணம்... போச்சு.

இலஞ்சி ஊர்க்காரியான உலகம்மாளுக்கு வாய் நீளம். பார்த்து வரக் கூடாதா என்று அவளே முந்திக்கொண்டாள். அவன் கோபப்படவில்லை, அவள் கண்களையே பார்த்தான். பிறகு சுதாரித்து, தன் பேர் குத்தாலிங்கம், தென்காசி சினிமாக் கொட்டகையில் இடைவேளைக்குக் காட்டும் விளம்பரப் படங்களை வரைகிறவன் என்றான். இது குடைக்கடைக்கு. சினிமாவில் வருகிற மாதிரியே, தூரத்தில் ஒரு பெண், அப்புறம் கிட்டத்தில், கடைசியில் கண் மட்டும். திறந்த கண் ஒரு தகடு, மூடிய கண் ஒரு தகடு... மாற்றி மாற்றிக் காட்டினால்?

“பொம்மை கண்ணச் சிமிட்டுமாக்கும்?” என்று சிரித்துவிட்டு நடந்தாள். அந்தச் சிரிப்பு வீடுவரை கூடவே வந்தது.

அடுத்த வாரம் அத்தையோடு படத்துக்குப் போனாள். இடைவேளையில் திரையில் மழை, குடை, ஒரு பெண். கிட்டே வந்தாள். பிறகு திரை முழுக்க இரண்டு கண்கள்... அம்மாடி, எத்தனை பெரிய கண்கள். மூடின. திறந்தன. கொட்டகையே விசிலடித்தது.

“ஏட்டி, இது உன் கண்ணுல்லா?” என்றாள் அத்தை.

உலகம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அப்பா காதுக்குப் போனால் தோலை உரித்துவிடுவார். படம் விட்டதும் வாசலில் அவனைப் பிடித்தாள்.

“என்னக் கேக்காம என் கண்ண ஊருக்குக் காட்டுவியளா? அழிச்சிருங்க.”

அவன் தலையைக் குனிந்து சரி என்றான்.

சொன்ன சொல் தவறவில்லை, பாவி. அவள் மறுபடி போனபோது, கிட்டே வந்த பெண்ணின் முகத்தைக் குடை மறைத்துவிட்டது. யாரும் கைதட்டவில்லை. ஜெயித்தவள் அவள்தான், ஆனால் திரையில் அந்தக் கண்களைத்தான் தேடினாள். அந்தக் கண்கள் இனி அவனுக்கும் வேண்டாமோ...?

வெளியே தூறல். அத்தையைச் சோடாக் கடையில் நிறுத்திவிட்டு, வாசலில் நின்ற அவனிடம் போனாள். படத்துப் பெண்ணைப் போலவே அவனும் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டு நின்றான். ஒரு விரலால் அதை மேலே தூக்கினாள்.

“ஊரு பாக்குததைத்தான் வேண்டாம்னேன். நீங்க பாக்குததை இல்ல.”

அவன் தூறலிலேயே குடையை மடக்கினான். “அப்போ... உங்கப்பாட்ட வந்து பொண்ணு கேக்கட்டா?”

“கேளுங்க. ஆனா என் கண்ணு ஒண்ணும் அம்புட்டுப் பெருசு இல்ல.”

“எனக்கு அம்புட்டுப் பெருசாத்தான் தெரியுது.”

உலகம்மாள் கண்ணை ஒரு தரம் மூடித் திறந்தாள். இந்தத் தடவை பார்த்தது அவன் ஒருவன்தான்.